வெள்ளை அஸ்முத்

பாரிஸின் லா சப்பலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மிளகாய் வறுப்பதென்றால் களவாகத்தான் வறுக்க வேண்டும். எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு பிரெஞ்சுக் கிழவர். நெடி மூக்கை எட்டினால் போதும், தும்மிக்கொண்டே மேலேறி வந்து கதவை இடிப்பார். ஒருதரம் என் முகத்துக்கு நேரே "பார்பார்!" என்று கத்தினார். வேலையால் வந்த கணவரிடம் அர்த்தம் கேட்டேன். காட்டுமிராண்டி என்று அர்த்தமாம். இவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவர் கஃபேக்குப் படியிறங்கும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தாச்சியை அடுப்பில் வைப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தமிழ்க் கடைகளில் அரைத்த தூள் வரத் தொடங்கியிருந்தது. எனக்கு அது ஆகாது. செங்கல் தூள் என்று கடைக்காரருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, கோப்பிக்கொட்டை அரைக்கிற சின்ன மெசினில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடுப்பேன்.

ஒரு ஞாயிறு அப்படி மிளகாயைக் கிண்டிக்கொண்டு நிற்கும்போது கதவில் தட்டுகிற சத்தம். கிழவர் பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று நினைத்து, அகப்பையும் கையுமாகச் சண்டைக்கு ஆயத்தமாய்க் கதவைத் திறந்தேன். நின்றது மேல்மாடிப் பெண். உயரமான, மெலிந்த பெண். படியில் கண்டால் ஒரு புன்சிரிப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை. கண்ணாலும் மூக்காலும் ஓடிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து "பெர்பெரே" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர் சொன்னாலும் பரவாயில்லை, ஊர்க்காரன். இவளுமா? பிரெஞ்சில் திருப்பிக் கொடுக்க என்னிடம் சொல் போதாது. அதனால் தமிழிலேயே, நீதான் காட்டுமிராண்டி, உன்னுடைய பரம்பரையே காட்டுமிராண்டி என்று நல்லாய்க் கொடுத்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்னை விலத்திக்கொண்டு உள்ளே வந்து, தாச்சிக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். சிரித்தாள். பிறகு நெடியால் வந்த கண்ணீர் உண்மையான அழுகையாகிவிட்டது. அடுப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் எத்தியோப்பியாக்காரி. பெர்பெரே என்பது அவர்களுடைய தூள். எங்களுக்குக் கறித்தூள் எப்படியோ, அவர்களுக்கு அது. மிளகாய், மல்லி, வெந்தயம், இஞ்சி, இன்னும் என்னென்னவோ போட்டு, வறுத்து, இடித்து எடுப்பார்களாம். அது இல்லாமல் அந்த ஊரில் ஒரு குழம்பும் அடுப்பில் ஏறாதாம். பாரிஸுக்கு வந்தபின் அந்த வாசத்தை அன்றுதான் மணந்தாளாம். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வரத் தொடங்கினாள். என் அலுமாரியில் இருந்த பருப்பைக் காட்டி மிசிர் என்றாள். நாங்கள் அதை மைசூர்ப் பருப்பு என்போம் என்றேன். மிசிர், மைசூர், மிசிர், மைசூர் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தோம். ஓம் என்றால் ஆம் என்று அவளுக்குப் பழக்கிவிட்டேன். அவர்களுடைய ஆம் வேறுமாதிரி. வாயால் சொல்வதில்லை, சட்டென்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். முதலில் நான் அவளுக்கு மூச்சிழுப்பு, தொய்வு வருத்தம் என்று நினைத்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதையும் மரியாதைக்காகக் குடித்தாள்.

தன் ஊரில் வங்கியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள், இங்கே விடியற்காலையில் கந்தோர்கள் கூட்டித் துடைத்தாள். புருஷனை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய் அவன் திரும்பி வரவில்லை. அவள் எல்லை கடந்து சூடானுக்கு ஓடும்போது மகளுக்கு இரண்டு வயதும் ஆகவில்லை. அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். இதைக் கேட்டபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் என் மகனும் யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம்தான் இருந்தான். இவர் முதலில் வந்து, பிறகு நான் ஏஜென்சிக்காரனோடு வந்தபோது, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அந்தப் பாதையால் வர முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். அகதிப் பேப்பர் கிடைத்தால் கூப்பிடலாம் என்றார்கள். பேப்பர் கிடைக்கவில்லை. அக்கா அனுப்புகிற கசெற்றில் மகன் என்னைப் பிரான்சம்மா என்றான். அக்காவைச் சும்மா அம்மா என்றான்.

அவளுக்குப் பேப்பர் கிடைத்தது. ஒருநாள் படியில் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். மகள் வருகிறாள், இன்னும் சில கிழமையில் வருகிறாள் என்றாள். எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லக்கூடாது, வயிறும் எரிந்தது. ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியாது. முகம் தெரியாது, குரல் தெரியாது. வீடு மணந்தாலாவது வீடு என்று தெரியும், பெர்பெரே செய்ய வேண்டும் என்றாள். அதை அவள் ஒருநாளும் தன் கையால் செய்ததில்லை. அக்காதான் வருசத்துக்கொருதரம் வெயிலில் காயவைத்து எல்லாருக்குமாக இடிக்கிறவள். இவளுக்குச் சாமான்களின் பெயர் தெரியும். சில சாமான்களின் முகம் தெரியாது.

தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணை எந்த ஊர் என்று கேட்டார். எத்தியோப்பியா என்றதும் அவருடைய முகம் வாடிவிட்டது. அந்த நாட்களில் ரிவியைப் போட்டால் எலும்பும் தோலுமான அந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் காட்டுவார்கள். கேட்காமலே ஒரு பை நிறைய அரிசி அள்ளிக் கட்டிக் கொடுத்து, "கொண்டுபோய்ச் சாப்பிடட்டும், பாவம்" என்றார். வெளியே வந்ததும் ஏன் தந்தார் என்று அவள் கேட்டாள். நல்ல மனுசன் என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

வறுக்கிற நாள் வந்தது. நான் தலைமை தாங்கினேன், மிளகாய் வறுப்பதில் எனக்கா படிப்பிக்க வேண்டும்? அவள் பெயர் சொல்லச் சொல்ல நான் போத்தல்களைத் திறந்து காட்டினேன். மல்லி சரி, வெந்தயம் சரி, கறுவா சரி. கறுப்பு அஸ்முத் என்றாள். நான் ஒவ்வொன்றாகக் காட்ட, கருஞ்சீரகத்தைக் கண்டதும் இதுதான் என்றாள். அடுத்தது வெள்ளை அஸ்முத். எனக்குக் கணக்குச் சுலபமாக வந்தது. கறுப்பு அஸ்முத் கருஞ்சீரகம் என்றால், வெள்ளை அஸ்முத் வேறென்ன, நற்சீரகம்தானே? சீரகப் போத்தலைத் திறந்து அவளுடைய மூக்குக்கு நேரே பிடித்து, இதுதானே என்றேன். அவள் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். சரி, ஆம் என்கிறாள் என்று தாராளமாக அள்ளிப் போட்டு வறுத்தேன். அவளோ மணந்து பார்க்கத்தான் மூச்சை இழுத்திருக்கிறாள். மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் மூக்கு அடைத்துப்போயிருந்ததால் ஒன்றும் மணக்கவில்லை. நான் துணிந்து போட்டதைப் பார்த்து, இவளுக்குத் தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

பிள்ளை வந்தது. விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கழுத்தில் பெயர் எழுதிய அட்டையோடு, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஐந்து வயது, மூக்கும் முழியுமாகத் தாயை உரித்துவைத்த பிள்ளை. தாய் முழங்காலில் நின்று கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள். பிள்ளை அழவும் இல்லை, தள்ளவும் இல்லை. மரியாதையாக நின்று, மரியாதையாக ஏதோ சொன்னது. தாயின் முகம் செத்துவிட்டது. என்ன சொன்னது என்று மெத்ரோவில் வரும்போது கேட்டேன்.

"என்னை நீங்கள் என்று சொல்லிச்சு" என்றாள்.

அதிலென்ன, நாங்களும் அம்மாவை நீங்கள் என்றுதானே சொல்வோம் என்றேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். தங்கள் வீட்டில் தாயை அப்படிச் சொல்வதில்லையாம். வெளி ஆட்களைத்தான் அப்படிச் சொல்வார்களாம்.

அன்று பின்னேரம் மிசிர்ப் பருப்பை பெர்பெரே போட்டு வதக்கிக் குழம்பு வைத்தாள். எங்கள் தோசை போலப் புளிக்கவைத்துச் சுடுகிற இன்ஜெராவும் செய்தாள், கிடைத்த மாவில். அவர்களுடைய வழக்கம், அன்பானவர்களுக்குத் தன் கையால் ஒரு வாய் உருட்டி ஊட்டுவது. அதை மறுக்கக் கூடாதாம். அவள் உருட்டிப் பிள்ளையின் வாய்க்கருகே கொண்டுபோனாள். பிள்ளை மணந்து பார்த்துவிட்டு வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டது. இன்னொருதரம், இன்னொருதரம் என்று அவள் கெஞ்சினாள். கடைசியில் அந்த உருண்டையை என்னிடம் நீட்டினாள். நான் சாப்பிட்டேன். எனக்கு அது எங்கள் வீட்டுப் பருப்புக் கறி மாதிரி இருந்தது. அப்போதே யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

அடுத்த நாட்களிலும் அதே கதைதான். பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை என்று சொல்ல முடியாது. பாலும் பாணும் கொஞ்சம் எடுத்தது. சமைத்தது ஒன்றும் வேண்டாம். எங்கள் அறையில் ரிவி இருந்ததால் என்னிடம் வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும். தாய் வேலையால் வந்து கூப்பிட்டால் எழும்பிப் போகும். அடம் பிடிக்கிற பிள்ளையென்றாலாவது இரண்டு போடு போடலாம். சொன்னபடி கேட்கிற பிள்ளையை என்ன செய்வது? இரவில் போர்வைக்குள் "எமாயே, எமாயே" என்று அழுகிறதாம். எமாயே என்றால் அம்மா. அதை எனக்கு மொழிபெயர்க்கவே தேவையில்லை. அழுதது பக்கத்தில் படுத்திருந்த தாயைக் கூப்பிட்டு அல்ல, ஊரில் வளர்த்த தாயின் அக்காவைக் கூப்பிட்டு. குழம்பை ஏன் சாப்பிடவில்லை என்று தாய் கேட்டதற்கு, எமாயேயின் குழம்பு இப்படி மணக்காது என்று சொன்னதாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். என் மகனுக்கு அக்கா வைக்கிற கறி என்ன வாசம் என்று எனக்கு அப்போது நினைவில் வரவில்லை.

சரியாகச் சாப்பிடாததால் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வந்தது. தாய் என்னைக் கூப்பிட, நான் ஓமத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க ஆவி கிளம்பியது. பிள்ளையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு எழும்பி வந்தாள். என் கையில் மிச்சமிருந்த விதையைக் கசக்கி மணந்தாள்.

"வெள்ளை அஸ்முத்" என்றாள்.

இது ஓமம் என்றேன். ஓம் என்று அவளும் சொன்னாள், நான் ஆம் என்கிறேனாக்கும் என்று நினைத்து. ஓம் இல்லை, ஓமம் என்றேன். ஓம் ஓம் என்றாள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். வெள்ளை என்றால் சீரகம் என்று நான் என் கணக்கில் போட்டது அப்போதுதான் உறைத்தது. அவளோ கோபிக்கவே இல்லை. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். பிள்ளை தன்னை வெறுக்கவில்லை, தூள்தான் பிழை! சாமான்தான் பிழை! அதைத் திருத்தலாம், கடையில் வாங்கலாம், வறுக்கலாம். எனக்கும் அந்த நம்பிக்கை தொற்றிக்கொண்டது. தலைகால் தெரியாத சந்தோசத்தில் அடுத்த ஞாயிற்றுக்கே நாள் குறித்தோம்.

இம்முறை அவளுடைய அறையில் வறுத்தோம், நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவளே கசக்கி, மணந்து, நாக்கில் வைத்துப் பார்த்து எடுத்தாள். மிளகாய் வறுப்பதை மட்டும் மூக்கு அடைக்காதபடி கடைசியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கீழே எங்கள் அறையில் இவரோடு ரிவி பார்க்க விட்டிருந்தோம். தூளை அரைத்து முடிந்ததும், வெங்காயத்தை எண்ணெயில்லாமல் வதக்கி, பிறகு எண்ணெய் விட்டு, தூளைப் போட்டுக் கிண்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம் எழும்பியது. என் மூக்குக்கே தெரிந்தது, இது எங்கள் வீட்டு வாசம் இல்லை. இது வேறு யாருடையதோ வீடு. அவள் அகப்பையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்துவிடு என்று எனக்குக் கையால் காட்டினாள். திறந்தேன். வாசம் படியால் இறங்கிப் போனது.

கீழே எங்கள் கதவு படாரென்று திறந்தது. சின்னக் கால்கள் படியேறி ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"எமாயே! எமாயே!"

அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். தாய் அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு நேரே முழங்காலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். என் கடவுளே, அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை மூச்சிரைக்க உள்ளே வந்தது. சட்டியைப் பார்த்தது. தாயைப் பார்த்தது. அந்தக் கைகளுக்குப் பக்கத்தால் விலகி உள்ளே போய், திரைச்சீலையை இழுத்துப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தது. உடுப்பு அலுமாரியைத் திறந்து பார்த்தது. பிறகு திரும்பி வந்து, தாயிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது.

எனக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. ஆனால் அது என்ன கேட்டது என்று விளங்கிவிட்டது. குழம்பு அடிப்பிடிக்கத் தொடங்கியது. அடுப்பை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விரித்த கைகளை அவள் மெல்ல இறக்கினாள். இங்கே இல்லை, அவள் வரவில்லை, அவள் வரவே மாட்டாள் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்ல அவளால் முடியவில்லை. எழும்பிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிள்ளையும் முதல்தரமாக அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேருமாகப் படியிறங்கினார்கள். நான் பின்னால் போனேன்.

முதலில் எங்கள் அறை. பிள்ளை குசினிக்குள் பார்த்தது. குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்க்கப் போனது. தொங்கிக்கொண்டிருந்த படுக்கை விரிப்பை நான் தூக்கிப் பிடித்தேன், நல்லாய்ப் பார்க்கட்டும் என்று. இவர் ஒன்றும் விளங்காமல் எழும்பி நின்றார்.

"என்னத்தைத் தேடுறியள்?"

"தாயை" என்றேன்.

"தாய் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாவே?"

அதற்குள் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். அடுத்த கதவு, புதிதாகக் குடிவந்த ஒரு வாலிபனுடையது. அவனுக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. அவள் தட்ட, தலையைத் துவட்டிக்கொண்டே வந்து திறந்தான். பிள்ளை நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தது, கேளுங்கள் என்பது மாதிரி. அவள் தன் நல்ல பிரெஞ்சில், மன்னிக்க வேண்டும் ஐயா, இந்தப் பிள்ளையின் அம்மா இங்கே வந்தாரா என்று கேட்டாள்.

அவன் பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இல்லை மேடம், இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றான்.